ஐந்தாம் மாடிக் கொடி

முதல் வாரமே
வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்துப் போட்டேன்.
என் பனியன் ஏழும்
தர்ப்பூசணித் தண்ணீர் நிறமாகிவிட்டன.
குத்தாயிசி பஸ் பணிமனையில்
பனி விழும் மட்டும்
என்னை மணப்பெண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள்.

நேப்பிள்ஸிலிருந்து உன் குரல் வந்தது, மசேவினார்.
பின்னால் யாரோ ஒரு கிழவர் இருமினார்.
"பிரி. முதலில் பிரி.
பைக்குள் கைவிட்டுப் பார், போல்ட்டும் நட்டும் இருக்கும்.
அப்புறம் உள்புறத்தை வெளியே திருப்பு.
உடம்பு பட்டது உள்ளேதானே, நுக்சார்?"
கிழவர் ஏதோ கேட்டார்.
அவருக்கு ஒரு குரலில் பதில் சொல்லிவிட்டு
எனக்கு வேறு குரல் எடுத்தாய்.
இரண்டில் எது சம்பளக் குரல் என்று
அன்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தாறு வருடம்
சட்டைகள் தாமாகவே மடிந்துகொண்டு
அலமாரி ஏறுகின்றன என்றிருந்தவன்
மாவு மில்லில் நிற்பவன் போல்
பவுடரை அள்ளிக் கொட்டினேன்.
வாசல் வரை நுரை.
"அரை மூடி போதும்.
நுரை வெறும் பேச்சு, வேலை செய்வது தண்ணீர்."

ஒயின் சிந்தினால் உப்பு.
சிந்தியவன் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்,
சுடுதண்ணீர் பட்டால்
துணியோடு சம்பந்தம் செய்துகொள்ளும்.
காலரில் கிரீஸ் இருந்தால் பாத்திர சோப்பு.
கெட்டில் அடியில் சுண்ணாம்பா,
வினிகர் ஊற்றி ஒரு ராத்திரி மறந்துவிடு.
பச்சை அக்ரூட் தோலின் சாறு பட்டால்?
"அதற்கு ஒன்றும் கிடையாது.
கறுப்புச் சட்டை வாங்கிக்கொள்."

தரையை முதலில் பெருக்கிவிட்டு
அலமாரித் தலையைத் தட்டினேன்.
மறுபடி பெருக்கினேன்.
ஜன்னல் திட்டு நினைவு வந்தது.
மறுபடி.
தூசியும் ஐந்து மாடி இறங்கித்தான் போகும் என்று
மூன்றாம் பெருக்கலில் புரிந்தது.

எதிர் பால்கனி லமாராவுக்கு நான்தான் நாடகம்.
"தோளில் கவ்வாதே, கொம்பு முளைக்கும்!
கீழ் ஓரத்தில் கவ்வு, தலைகீழாய்த் தொங்கட்டும்!"
முற்றத்து இரும்புக் கம்பம் வரை
கப்பி கீச்சிட,
என் சட்டைகள் தலைகீழாய்க் கைநீட்டி
அவளிடம் சரணடைந்தபடி போகும்.

படுக்கை விரிப்பு மட்டும் படியவில்லை.
அதற்கு ஆள் இரண்டு வேண்டும்.
இரண்டு முனையை அலமாரிக் கதவிடுக்கில் கொடுத்து
இரண்டை நான் பிடித்து
பின்வாங்கி இழுப்பேன்.
கதவு திறந்துகொள்ளும்.
விரிப்பு தரைக்கு வரும்.
திரும்பவும் துவைப்பேன்.

நாலாம் வருடம் ஆகஸ்டில் வந்தாய், பன்னிரண்டு நாள் விடுப்பு.
பெட்டியை இறக்கும் முன்பே
ஃபிரிட்ஜின் தலையில் விரலோட்டினாய்.
டாக்டர் மாதிரி விரலைப் பார்த்தாய்.
எனக்கு மார்பு அடித்துக்கொண்டது.
ஒன்றுமில்லை, சுத்தம்.

பிறகு துண்டு அலமாரியைத் திறந்தாய்.
அப்படியே நின்றாய்.
"மூன்றாய் மடித்திருக்கிறாய்."
நீ சொன்னபடிதான், என்றேன்.
"இது அந்த வீட்டு மடிப்பு.
சின்யோராவுக்கு இப்படித்தான் வேண்டும்.
நம் வீட்டில்..."
நீ முடிக்கவில்லை.
எனக்கும் நினைவில்லை.
எத்தனையாய் மடித்தோம் நாம்?

பதினேழு துண்டையும் கட்டிலில் கொட்டி
ராத்திரி ஒரு மணி வரை
நாலாய் மடித்துப் பார்த்தோம்,
சுருட்டிப் பார்த்தோம்,
எதுவும் நம்முடையது போல் இல்லை.
நீ சிரிக்க ஆரம்பித்தாய்.
நான் பயந்தேன், ஏனென்றால்
அது சிரிப்பாகவே முடியவில்லை.

அப்புறம் விரிப்பை எடுத்தாய்.
எதுவும் சொல்லாமல் இரண்டு முனையை நீட்டினாய்.
இழுத்தோம், உதறினோம்.
நான் நடந்து வந்தேன்,
நீ நடந்து வந்தாய்,
முனைகள் கைமாறின.
கதவிடுக்கு போல இல்லை உன் பிடி,
திறந்துகொள்ளவே இல்லை.

நீ போன மறுநாள்
கப்பிக்கு எண்ணெய் போடு என்றாள் லமாரா,
தூக்கமே போயிற்றாம்.
போட மாட்டேன்.
வெள்ளையில் சொட்டும்.
கத்தட்டும் அது.