பதினாலாம் நம்பர்

போன ஆவணியில் வந்தது அந்த அட்டைப்பெட்டி.
மேலே ஸ்விட்சர்லாந்து முத்திரை.
உள்ளே பதினெட்டு ஜெர்ஸி, பச்சையில் வெள்ளைப் பட்டை,
ஒன்றில் அக்குளருகே கிழிசல்,
எல்லாவற்றிலும் பெயர் தெரியாத சோப்பு வாசனை.
அனுப்பியது சவரிநாதனின் மச்சினன்,
ப்ருன்தால் கிளப்பில் புல் வெட்டுகிறவன்.
அவர்களும் இரண்டாம் டிவிஷன்தான் என்று
துண்டுச் சீட்டில் எழுதியிருந்தான்,
ஆறுதல் சொல்வதுபோல.

முதுகுகளில் அவர்கள் பெயர்கள்.
படித்துப் படித்து நாக்கு சுளுக்கியது.
பதினாலு, ஹூபர்,
அஞ்சப்புலிக்குப் போனது. அந்தத் தோளுக்கு
வேறெதுவும் ஏறவில்லை.
மூன்றாவது மேட்ச்சுக்குள் வம்பாக்கீரப்பாளையம் முழுக்க
அவன் ஊபர்.
அவன் அம்மாவே மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு
"ஊபரு துன்னானா?" என்றாள்.

நான் கலங்கரை எஃப்.சி.யின் உதவிச் செயலாளர்.
அதாவது தண்ணீர்க் கேன், எலுமிச்சம்பழம், கோல் கணக்கு நோட்டு.
ராத்திரியில் தேங்காய்த்திட்டு ஐஸ் பிளான்ட்.
பாளங்கள் இறுகும்வரை வேலை இல்லை,
போனில் ப்ருன்தாலைப் பார்ப்பேன்.
கடும் பனி, ஆட்டம் ரத்து
என்று வரும் நாளில்
பனிக்கட்டி மேல் சாக்கு விரித்து உட்கார்ந்து
ஐயோ பாவம் என்பேன்.

எங்களுக்கும் ரத்துதான்.
ஐப்பசியில் தொடங்கவேண்டிய லீக்
புயலில் நனைந்து தைக்குத் தள்ளிப்போனது.
உப்பளம் மைதானத்தில் கோல் கம்பம் முழங்கால்வரை தண்ணீரில்,
பெனால்டி புள்ளியில் ஒரு கொக்கு.

பங்குனியில் அங்கே ஹூபருக்கு மூட்டு கிழிந்தது.
சீசன் முடிந்தது அவருக்கு.
நான் சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.
மறுநாள் டீக்கடையில் ரெண்டு பேர்
அஞ்சப்புலியிடம் மூட்டு எப்படி என்று கேட்டார்கள்.
சாயங்காலம் பிராக்டீஸில்
லேசாக நொண்டினான் அவன்.

சித்திரையில் தடைக்காலம்.
விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.
பதினோரு பேரும் ஒரே நாளில் மைதானத்துக்கு வந்தது
அப்போதுதான்.
ஐந்து மேட்ச், ஐந்தும் வெற்றி.
நோட்டில் எழுதும்போது என் கையெழுத்தே மாறிவிட்டது.
இன்னும் ஒன்று ஜெயித்தால் முதல் டிவிஷன்.

அமைச்சர் விழாவுக்குப் பந்தல் போட்டார்கள்.
கடைசி மேட்ச் எட்டு நாள் தள்ளிப்போனது.
மனு எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன்.
செயலாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த
காலண்டரைத் தட்டிக் காட்டினார்.
அமாவாசை இருந்தது, ராகுகாலம் இருந்தது,
கடல் திறக்கிற தேதி
அதில் இல்லை.

நள்ளிரவில் படகுகள் கிளம்பின.
அறுபத்தியோரு நாள் கடன் எல்லோருக்கும்.
அஞ்சப்புலி ஜெர்ஸியை மடித்து
என் சைக்கிள் கேரியரில் வைத்தான்,
துவைத்திருந்தான்.

ஏழு பேர் இருந்தால் ஆடலாம் என்கிறது விதி.
நாங்கள் எட்டு.
கோலில் இன்ஜின் மெக்கானிக் ஜாபர்,
நாற்பத்தொரு வயது சவரிநாதன்,
பத்தாவது பரீட்சை ரிசல்ட் வந்த மூன்று பையன்கள்,
எண்ணிக்கைக்கு நான்.
பதினாலாம் நம்பர் என் தொடைவரை தொங்கியது.
"டேய் ஊபரு சுருங்கிட்டான்டா!"
அரியாங்குப்பத்துக்காரர்கள் சிரித்தார்கள்,
நானும் சிரித்தேன்.
இருபது நிமிடம் ஒரு கோலும் விழவில்லை.
அதை நோட்டில் தனியாக எழுதிவைத்திருக்கிறேன்,
அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றாலும்.
ஒருமுறை பந்து என் மார்பில் பட்டு வெளியே போனது,
ஜாபர் என்னைக் கட்டிப்பிடித்தான்.
அப்புறம் மூன்று.

ப்ருன்தால் மே மாசமே முடித்துவிட்டது.
பத்தில் ஏழாவது.

ராத்திரி ஷெட்டில் வயர்லெஸ் கரகரத்தது.
எஞ்சின் சத்தம், காற்று, அதற்குள் அவன் குரல்.
"ஸ்கோர் இன்னாடா?"
"மூணு சைபரு."
"யாருக்கு?"

பட்டனை அழுத்திக்கொண்டே நின்றேன்.
"ஊபரு நல்லா ஆடுனான்" என்றேன்.
அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை.
வெளியே அடுத்த படகுக்காரன்
ஐஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.