செவுள்

கொருக்குப்பேட்டைக்காரர் நாடி பிடித்தார்,
ஃபைலைத் திறக்கவேயில்லை.
"கட்டி கரைஞ்சிடும், மூணே மண்டலம்.
ஊசி மட்டும் போட்டுக்காதீங்க."
முன்பணம் நாற்பதாயிரம்.

மூலக்கொத்தளத்துக்காரரின் சுவர் முழுக்கப்
பிழைத்தவர்களின் படங்கள்.
அதில் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள்.
போன ஆடியில்
அவள் சாவுக்குப் போய்வந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் காசிமேட்டில் ஏலம் எடுத்தவள் நான்.
ஐஸைத் தட்டிவிட்டுச்
செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
ஒரு வஞ்சிரத்துக்கும் விலை கேட்டதில்லை.
மார்பில் கட்டி வந்த பிறகு
எல்லா மீனும் பளபளவென்றுதான் தெரிகிறது.

மூன்றாவது ஆளிடம் போக மனசில்லை.
தங்கச்சி டில்லிராணிதான் இழுத்துப் போனாள்.
பழைய வண்ணாரப்பேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
யுனானி டாக்டர் சுபைதா
முதல் தாளிலிருந்து படித்தார்.
மின்விசிறி தாள்களைப் புரட்டப் பார்த்தது,
செல்போனைத் தூக்கி மேலே வைத்தார்.
நான் கேட்டேன், குணமாகுமா?
"என் மருந்தால ஆகாது."

அடுத்த கீமோ என்றைக்கு என்றார்.
செவ்வாய்க்கிழமை.
"தவறாம போயிடுங்க."
வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க
என்னவோ எழுதினார், உருது மாதிரி சாய்ந்த தமிழில்.
"இதை அங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.
அவங்க வேணாம்னா, வேணாம்."
நூற்றைம்பது ரூபாய்.

படியிறங்கும்போது அவர்மேல் கோபமாக வந்தது.
ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்,
இத்தனை மாடி ஏறி வந்திருக்கிறேன்.
டில்லிராணி ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள்.
கோபம் தீராமலே
கடைக்காரனிடம் சீட்டை நீட்டினேன்:
ஒரு காப்பி போடுப்பா,
ஆஸ்பத்திரிக்கு.