சுண்ணாம்பு நனைந்தால்

தை பிறந்து ஐந்தாம் நாள்
பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே
புளியமரத்தை ஒட்டிய
நாற்பதடிச் சுவர் கிடைத்தது.
ஆளுயரத்தில் இரண்டே சொல்:
போரை நிறுத்து.
கீழே மாதையன் பெயர்,
அதுவும் ஆளுயரம்.
சுவருக்கு முந்நூறு. பெயின்ட் அவர்களுடையது.

நான் வாணியாறு அணை முகாம்,
நாலாம் வரிசை, பதினேழாம் கதவு.
இருட்டுமுன் உள்ளே நிற்கவேண்டும்.
முன்னம் ஒரு காலம்
பரந்தன் முல்லைத்தீவு பஸ்ஸில்
டிக்கெட் கிழித்தவன்.

சிக்னல் மதகுக்கு மேலே மட்டும்தான்.
சுகிர்தமலர் அங்கேயே குந்தியிருந்து
புளி உடைத்தாள், கொட்டை ஒருபக்கம், நார் ஒருபக்கம்,
மடியில் போன்.
அவள் தமக்கை எடுத்தால்
ஊர்ப்பெயரில்தான் தொடங்குவா.
விசுவமடு எண்டா.
பத்து நாள் கழித்து உடையார்கட்டு.
பிறகு தேவிபுரம்.

நான் கூவிய அதே வரிசை.
எங்கே எத்தனை பேர் இறங்குவார்கள்,
எந்த வளைவில் பிள்ளைகள் சத்தியெடுக்கும்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அந்த பஸ் கடலுக்குப் போகிற பஸ்.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.

மாசியில் புளி வியாபாரி வந்து
நிறுத்துப் பார்த்து, இருநூறு கிராம் குறைத்தார்.
பங்குனியில் தேர்தல் தேதி வந்தது.
சுவரில் எதுவும் இருக்கக்கூடாதாம்.
ஊராட்சிக் கிளார்க்
என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார்:
"எழுதினவனே அழிச்சா சீக்கிரம் முடியும்."
சுவருக்கு நூற்றைம்பது.
ஒரே நாளில் ஏழு சுவர்.
கை வெந்து, இரவு
தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது
சுகிர்தமலர் கரையிலிருந்து ஓடி வந்தாள்.
"மாத்தளனாம்."

மாத்தளன் அந்தப் பாதையில் இல்லை.
இறங்கிவிட்டார்கள், மணலுக்கு.

சித்திரையில் ஒருமுறை, இரண்டு நிமிடம்.
பின்னால் இரைச்சல். அலையோ வேறெதுவோ.
"ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாய், மலர்.
மண் அள்ளிக்கட்டச் சாக்கில்லை.
சேலையள வெட்டித் தைச்சு நிரப்புறம்.
கூறையையும் வெட்டியாச்சு.
நல்ல துணியடி, கிழியேல்லை."
அக்கா அதில் சிரித்தா என்று
இவள் சொன்னாள்.
நான் கேட்கவில்லை.

கடைசியாய் ஒரு ஊர்ப்பெயர் வந்தது.
முள்ளிவாய்க்கால்.
அதில் இறங்குவது ஒராள், ரெண்டாள்,
மீன்கூடையோடு.
அங்கே நாங்கள் பஸ்ஸை
முழுசாய் நிறுத்தினதில்லை.
உருளவிட்டு, கையைப் பிடித்து இறக்கி,
போகலாம் ரைட் என்று
தகரத்தில் ரெண்டு தட்டு.

வாக்குப்பதிவு அன்று
பள்ளிக்கூடத்தைச் சுற்றி
நூறு மீட்டருக்கு வெள்ளைக்கோடு போடும் வேலை.
போட்டுவிட்டு, வாளியோடு
கோட்டுக்கு வெளியே வந்து நின்றேன்.
மாதையன் மையிட்ட விரலைத் தூக்கி
"சாப்ட்டியா" என்று கேட்டார்.
நல்ல மனுஷன்.

மூன்றாம் நாள் பொம்மிடிப் பக்கம் வெடி வெடித்தார்கள்.
அதற்கு அடுத்த நாட்கள்
முகாமில் ஒரு டிவிக்கு முன்னால்
நாங்கள் அத்தனை பேர்.
திரையில் கூட்டம் கூட்டமாய் ஆட்கள்
தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார்கள்.
சுகிர்தமலர் திரையை ஒட்டி உட்கார்ந்து
துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
முகங்களை அல்ல.

சனிக்கிழமை பதிவுக்கு வந்த அதிகாரி
பெயர் வாசித்தார், நாங்கள் உள்ளேன் என்றோம்.

வைகாசி முடியுமுன் ஒரு மழை.
சேர்வராயன் பக்கமிருந்து கறுத்து வந்து
அரைமணி நேரம் அடித்தது.
ரெண்டாம் கை பூசாமல் விட்ட சுண்ணாம்பு
நனைந்தால் கண்ணாடி.
சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன்,
சுவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது,
சிவப்பாய், ஆளுயரத்துக்கு,
என் கையெழுத்தில்.

இறங்கி நின்றேன்.
வெயில் திரும்பியது.
வலப்பக்கம்தான் முதலில் காய்ந்தது:
து போனது, த் போனது, று, நி.
புளியமர நிழலில் கிடந்த மற்ற சொல்
மூன்று மணிவரை
ஈரமாகவே இருந்தது.