நடுக் கடிகாரம்

ஒரு தடத்துக்கு மூன்று கடிகாரம்.
நான்காம் தடத்தில் மாதேசன் சார், சர்புனிஷா, நான்.
வார நாட்களில் நான் ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
மரவள்ளி லாரிகளை எடை போடுகிறவள்.
ஏற்றியது எவ்வளவு, இறக்கியது எவ்வளவு,
கிழங்கோடு வந்த மண் எவ்வளவு என்று
கழிக்கத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
அதையே நொடியில் செய்கிறேன்.

பத்து மணிக்கே குளத்தங்கரை ஓடு சுட்டது.
வடக்கே சேர்வராயன் மலை பாதிதான் தெரிந்தது,
மீதி வெயில்.
பெண்கள் நான்கு நூறு ரிலே என்பதை
ஒலிபெருக்கி இரண்டு தடவை தப்பாகச் சொல்லி
மூன்றாம் தடவை சரியாகச் சொன்னது.

நடுவர் காலையிலேயே தாளில் எழுதித் தந்திருந்தார்:
ரிலேயின் முதல் ஆளுக்கு மட்டும்
இடைநேரம் அதிகாரப்பூர்வம்.
அவள் ஹாரனுக்குக் காத்து, அசையாமல் நின்று குதிக்கிறாள்.
அடுத்த மூவர் வருகிற கையைப் பார்த்துக்கொண்டே
உடம்பை வீசிக் குதிப்பவர்கள்.
வீச்சுக்குக் கணக்கு இல்லை.
அவர்கள் நேரம் குழுவின் நேரம்.

ஹேமாவதி சுவரைத் தொட்டாள்.
கடிகாரத்தை நிறுத்தக் கூடாது,
பக்கத்துப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டும்.
ஓடுகிற எண்களிலிருந்து ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு
மற்றதை ஓடவிட வேண்டும்.
மாதேசன் சார்: ஒன்று ஐந்து முப்பத்தெட்டு.
சர்புனிஷா: ஒன்று ஐந்து நாற்பத்திரண்டு.
நான்: எழுபத்தொன்று.
தண்ணீர் முகத்தில் தெறித்தது என்றேன்.
தெறித்தது உண்மை.
அதற்கு முன்பே நான் தாமதித்ததும் உண்மை.

கூட்டி மூன்றால் வகுப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு.
வகுப்பதில்லை.
அவசரக்காரரின் கடிகாரம் போகும்,
மந்தமானவளின் கடிகாரமும் போகும்,
நடுவில் நிற்பது நேரம்.
என்னால் ஹேமாவதிக்கு
நூறில் ஒரு பங்கு நொடிகூட நட்டமில்லை.

நான்காவது ஆள் பெனிட்டா, அன்னதானப்பட்டி.
மூன்றாமவள் கை சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போதே
பெனிட்டாவின் பெருவிரல் பலகையை விட்டுவிட்டது.
நான் பார்த்தேன். பார்ப்பது என் வேலை இல்லை.
பார்க்க வேண்டியவர் கையைத் தூக்கிவிட்டார்.
அது தெரியாமல் நீந்தினாள்,
முன்னால் போன மூன்று தடங்களையும்
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு.
கைதட்டலைத் தெரிந்தவர்கள் பாதியில் நிறுத்த
தெரியாதவர்கள் தொடர்ந்தார்கள்.

குழு நீக்கம்.
நான்காம் தடத்தை நடுவர் ஒரே கோட்டில் அடித்தார்.
பிறகு அந்தக் கோட்டுக்கு மேலே, சின்ன எழுத்தில்,
ஹேமாவதி, 1:05.42.
பின்னால் வருகிறவரின் பிழையால்
முதல் ஆளின் நேரம் அழியாது.
அதுவும் தாளில் இருந்தது.
"எங்க வீட்டுல இப்படி ஒரு ரூல் இல்லையே" என்றாள் சர்புனிஷா.

பெனிட்டா துண்டு போர்த்திக்கொண்டு வந்தாள்.
அழ வருகிறாள் என்று நினைத்தேன்.
"அக்கா, என்னோடது எவ்வளவு?"

உன்னுடையது என்று ஒன்று இல்லை.
விதிப்படி அதுதான் பதில், வாய்வரை வந்தது.
கடிகாரத்தின் நினைவில் ஆனால் இருந்தது:
நான்கு முப்பத்தொன்று அறுபத்து நான்கில்
மூன்று இருபத்தெட்டு தொண்ணூறு போக
ஒன்று இரண்டு எழுபத்து நான்கு.
அன்றைக்கு அந்தக் குளத்தில் வேறு யாரும் நீந்தாத நூறு.
அதில் முன்கூட்டிக் குதித்தது எத்தனை,
வீசி வந்த உடம்பு எத்தனை,
என் விரலின் தாமதம் எத்தனை,
மண்ணைக் கழிக்க முடியாத எடை.

சொல்லவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
படித்தாள். உதடு ஒரு முறை அசைந்தது.
பிறகு என்னைக் கேட்காமலே
ஈரக் கட்டைவிரலால் அழிக்கும் பொத்தானை
அழுத்திப் பிடித்தாள், எல்லாம் சைபர் ஆகும்வரை.

அடுத்தது ஆண்கள் இருநூறு பேக் ஸ்ட்ரோக்.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.
தட்டுவடை செட் வாங்கப் போன மாதேசன் சார்
இன்னும் வரவில்லை.
வராவிட்டால் இரண்டே கடிகாரம்,
அப்போது மட்டும்
கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும்.