அறை 312

பதினோரு நாளாகத் திரை ஒரே வரியைச் சொல்கிறது:
மூன்றாம் மாடி, அறை 312, மதியம் 2.07.
அதற்குப் பிறகு அந்த உறை
எங்கும் ‘பீப்’ என்று குரல் கொடுக்கவில்லை.

ரீகாவின் ஓய்வூதிய அலுவலகம்.
வெளியே டௌகவா ஆறு உறைந்து கிடக்கிறது.
தொலைபேசியில் இல்கோனிஸ், டிராம் ஓட்டியவர்,
இன்றும் கோபப்படவில்லை.
“அங்கே பனி எப்படி?” என்றுதான் கேட்டார்.
அதுதான் விஸ்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

ஸ்கேனரை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள்.
அலமாரி, தட்டு, குப்பைக்கூடை,
ஜன்னலோரத் தொட்டிச்செடியின் பின்புறம்.
“இங்கே வரவேயில்லை” என்றார்கள் நான்கு பேரும்,
கேட்பதற்கு முன்பே.

காபி மேசை மட்டும்
ஆடாமல் நின்றது.
போன மாதம்வரை ஆடிய மேசை.

குனிந்தாள்.
நான்காக மடிந்து,
பட்டைக்கோடுகள் தரையைப் பார்க்க,
ஒரு மனிதரின் முப்பத்தெட்டு வருட வேலை
மேசைக்காலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

உருவினாள், நீவினாள், சிவப்பு ஒளியைக் காட்டினாள்.
பீப்.
திரை சொன்னது: மூன்றாம் மாடி, அறை 312.
பொய்யே சொல்லாத இயந்திரம்.

மேசை ஆடியது. யாரோ பாய்ந்து கோப்பையைப் பிடித்தார்கள்.
அலமாரியில் தூசி படிந்துகிடந்த
ஸ்கேனர் கையேட்டை எடுத்து
அதே காலுக்குக் கீழே செருகிவிட்டு
உறையோடு இறங்கினாள் விஸ்மா.