மூன்றாவது வருவான்

எமரென்சியா கேட்பாள்:
பத்து மணி வத்தையில் வருவானா?
லூர்தும் நானும் சொல்லவேண்டும்
வருவான், வருவான், வருவான்.
அவ்வளவுதான் என் பங்கு.
மூன்று சொல். அதுவும் ஒரே சொல்.

எண்பத்தொன்றில் பாம்பனில் பாசஞ்சர் ஏறி
மதுரையில் முட்டை அட்டை ஒட்டிய அறையில் பாடினோம்.
சத்தம் விழுமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.
ஸ்டேஷன் வாசலில் தின்ற புரோட்டா
மூன்றாவது வருவானில் விக்கலாக வந்தது.
லூர்து என்னைப் பார்த்தாள். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.
பாட்டில் ஒரு பள்ளம்.
இன்னொரு தடவை எடுக்க
மைக்செட் சூசையிடம் காசு இல்லை.

அப்புறம் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.
கீழக்கரைக் கல்யாணத்தில் பாண்டு செட்
கிளாரினெட்டில் ஊதியது;
பள்ளம் வந்ததும் டிரம்காரர்
குச்சியை ஆகாசத்தில் நிறுத்திவிட்டார்.
ராமநாதபுரம் ஆர்கெஸ்ட்ராவின் நான்கு ஆண்கள்
வருவாள் என்று மாற்றினார்கள்,
பள்ளத்தில் கைவைக்கவில்லை.
பரமக்குடிப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் வெட்டி
வரு வரு வரு வரு என்று
என்னைத் திக்குவாய் ஆக்கினான்.
அதைக் கேட்டுக்கொண்டே ஷேர் ஆட்டோவில்
என் குரலுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து போனேன்.
டிரைவர் சில்லறை இல்லையா என்றார்.

போன வருடம் சென்னையிலிருந்து
கிதாரோடு ஒரு பெண் வந்தாள்.
எல்லாவற்றையும் மெதுவாகப் பாடுகிறவள்.
"அந்த மௌனம்...
அவன் வரமாட்டான் என்று
உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது, இல்லையா?"
விக்கல், என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
வேறு என்னவோதான் எழுதியிருப்பாள்.
எமரென்சியாவிடமும் போயிருக்கிறாள், கோயமுத்தூருக்கு.
எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது
என்றாளாம் அவள், கதவை முழுசாகத் திறக்காமல்.

இன்று சின்னப்பாலத்து வத்தையில் ஒன்பது பேர்.
விரலுக்கு விரல் துணி சுற்றி
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்
கஞ்சிப்பாசிக்குப் போகிறோம்.
கழுத்தளவு நீரில் நின்று ஜெசிந்தா கேட்கிறாள்
வருவானா?
வருவான்.
வருவான்.
மூன்றாவதற்கு எல்லாரும் தண்ணீருக்குள்.

நான்தான் முதலில் மேலே வருவேன்.
மூச்சு குறைவு, அன்றைக்கும் இன்றைக்கும்.
வத்தை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.
ஒவ்வொரு தலையாக எண்ணுகிறேன்.
ஐந்து. ஆறு.
ஏழு.

எட்டாவதாக ஜெசிந்தா.
வாய் நிறைய உப்புத்தண்ணீர்.
துப்பிவிட்டுத்தான்
அடுத்த அடியை எடுக்கிறாள்,
சுருதி எங்கோ கிடக்க.