கைப்புல்

வெள்ளி விழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள்.
கோப்பைகள் வந்த ஆண்டு, தலைவிகளின் பெயர்,
முடிந்தால் முதல் அணியின் புகைப்படம்.
புகைப்படம் இருக்கிறது.
அதில் ஒரு முகமும் தெரியவில்லை,
அன்றைக்கு அவ்வளவு புழுதி.

அல் ஐனில் அப்போது எங்களுக்குப் புல் கிடையாது.
பதினெட்டுக் குழிகள் என்றது பலகை.
ஒன்பதையே இரண்டு முறை சுற்றிவர வேண்டும்.
குழியைச் சுற்றி எண்ணெய் பிசைந்த மணல்.
ஆடி முடித்தவள் பழைய கம்பளத் துண்டை இழுத்துத்
தன் காலடிகளை அழித்துவிட்டுப் போக வேண்டும்.
மற்ற இடமெல்லாம் வெறும் பாலை.
அதற்காக ஆளுக்கொரு கைப்புல்,
கால்மிதி அளவில், பிளாஸ்டிக்கில்.
பந்து கிடக்கும் இடத்தில் விரி,
மேலே பந்தை வை,
அடி,
சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நட.
தன் தரையைத் தானே சுமந்து திரிகிறவர்கள்
இந்த நாட்டில் புதிதில்லையே.
யாரும் எங்களை வேடிக்கை பார்க்கவில்லை.

ஷம்மா,
சூடான்காரி யுஸ்ரா,
பெஷாவரின் பல்வஷா,
பாஸ்போர்ட்டில் மட்டும் காயல்பட்டினமான நான்.
பயிற்சி ரோவெனா.
வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவும் வேலை,
தன் ஊரில் பணக்காரர்களின் கோல்ஃப் பை சுமந்து
கல்லூரிக் கட்டணம் கட்டியவள்.
இருந்த ஆறு கிளப்பும் ஆண்களின் உயரத்துக்கு.
பல்வஷா ஒன்றை ரம்பத்தால் அறுத்தாள்.
முதல் கோப்பையை அடித்தது அந்தக் குட்டைதான்.
(மலரில் போட முடியாது. பல்கலைக்கழகச் சொத்து.)

குறைத்து அடிக்கிறவள் ஜெயிப்பாள் என்றதும்
உம்மாவுக்கு ஆட்டம் உடனே விளங்கிவிட்டது.
மாதக் கடைசி வாரம் அவளும் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஒட்டகத்தின் குளம்புத் தடத்தில் பந்து விழுந்தால்
எடுத்து வைக்கலாம், அபராதம் இல்லை.
ஒட்டகமே பந்தின்மேல் படுத்துவிட்டால்?
மஸ்கட் அணிக்கு எதிராக, ஏழாம் குழியில்,
நடுவர் இருபது நிமிடம் புத்தகத்தைப் புரட்டினார்.
ஷம்மா போய் அதன் காதில் என்னவோ சொன்னாள்.
எழுந்தது.
என்ன சொன்னாய் என்று இன்றும் கேட்கிறோம்.
குடும்ப விஷயம் என்கிறாள்.

நான்காம் ஆண்டு நிஜப் புல் வந்தது,
நகரத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்து குடித்து வளர்ந்தது.
அதன்மேல் ஆடிய முதல் போட்டியில்
நாங்கள் கடைசி.
யுஸ்ரா மண்டியிட்டுப்
புல்லைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

படிப்பு முடிந்தும் நான் போகவில்லை.
பகலில் பதிவாளர் அலுவலகம்,
மாலையில் அணியின் ஸ்கோர் கார்டு.
அப்படித்தான் தெரியும் கிரேன்கள் நின்ற வருடம்.
ஐந்து பெண்களில் இருவரின் தகப்பன்மாருக்கு வேலை போயிற்று,
பிப்ரவரியில் அணி மூன்றுபேர்.
நால்வர் ஆடினால் மோசமான ஒரு கணக்கைத் தள்ளிவிடலாம்.
மூவருக்குத் தள்ள எதுவும் இல்லை.
லிஜி வாந்தியெடுத்துக்கொண்டே பதினெட்டையும் முடித்தாள்.
ஒரே ஒரு அடியில் ஜெயித்தோம்.
மறுநாள் இரவு அவளுக்கும் கொச்சிக்கு விமானம்,
அனுமதித்த முப்பது கிலோவில் கோப்பை அடங்கவில்லை,
அது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமும்கூட.

சுவரில் புரவலர்கள் பெயர் இருக்கிறது.
பதினோரு வருடம் பயிற்சி தந்த ரோவெனா இல்லை.
கேட்டேன்.
கோப்பில் அவள் தொழில் ஆய்வக உதவியாளர்,
கோல்ஃப் என்று எங்கும் இல்லை என்றார்கள்.
கோப்பை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

நேற்று இப்போதைய தலைவி ஹெஸ்ஸா
பண்டக அறையில் எதையோ தேடப்போய்
ஒரு கைப்புல்லோடு வந்தாள்.
"இது எதற்கு?"
நான் பதிலை யோசிப்பதற்குள்
நடைக்கூடத்துப் பளிங்கில் விரித்து
பந்தை மேலே வைத்துவிட்டாள்.
நேர் எதிரே கண்ணாடி அலமாரி,
பதினாறு கோப்பைகள்.
வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.
கால்களை அகட்டி அவள் நின்ற விதம் சரியாக இருந்ததால்
கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.